கொரகொரக்கும் பெட்டி

கடல் கடந்த இந்தத் தீவில், எங்கள் புரோத்ராபூர் வீட்டுக் கதவுக்கு இன்று வார்னிஷ் அடித்தார்கள். அந்த வாசனை, இப்போது இடிபட்டுப் போன எங்கள் ஹேடோ குவார்ட்டர்ஸுக்கே என்னைக் கொண்டுபோய்விட்டது. கேட்கவும் திருப்பிப் பேசவும் முடிகிற அப்பாவின் ஹாம் ரேடியோவைச் செய்தவர், நாகப்பட்டினத்தில் வீட்டு முன்னறையையே பட்டறையாக்கியிருந்த ராஜாமணி. உப்புக்காற்று அரிக்காமலிருக்க உள்ளே வார்னிஷ் பூசி அவர் கப்பலில் அனுப்பும் பெட்டியைத் திறந்தால் வீடெல்லாம் மணக்கும். மழைக்காலம் முழுக்க அந்த செட் கொரகொரக்கும். அம்மா வேறு கம்பெனி செட் வாங்கச் சொல்வாள், அப்பாவோ அடுத்ததையும் அவரிடமே வாங்குவார். தன்னிடம் வாங்கியவர்களை எல்லாம் சாயங்காலம் ரேடியோவிலேயே கூப்பிட்டு விசாரிப்பது ராஜாமணியின் வழக்கம். அந்த நேரத்தில் எங்கள் வீட்டில் தாளிக்கக்கூட மாட்டார்கள்.

நாகையில் புயலடித்த வாரம் அந்தக் குரல் வரவில்லை. அப்பா செட்டின் முன்னாலேயே உட்கார்ந்து சாப்பிட்டார்.

பிறகு ஒரு சாயங்காலம் இரைச்சலுக்கு நடுவே கேட்டது: "சார், கூரைதான் போச்சு. நாங்க எல்லாரும் சௌக்கியம். செட்டு எப்படி இருக்கு?"

"பிரமாதம்!" என்றார் அப்பா.

"இந்த இரைச்சலா பிரமாதம்?" என்ற அம்மாதான், கண்ணைத் துடைத்துக்கொண்டு அப்பாவின் தோளைத் தட்டிச் சொன்னாள்:

"இன்னொரு செட்டு வேணும்னு சொல்லுங்க. ஜல்தி!"