ரப்பர் துண்டும் ஒரு தாடையும்

கண்ணாடி போலத் தெளிந்த சிலிக்கோன் ரப்பர். உள்ளங்கையில் அடங்கும் துண்டு. அதற்குள் மயிரிழை அகலத்தில் வாய்க்கால்கள். அவற்றில் உயிர்க் கலங்களை, அதாவது செல்களை, வளர்க்க வேண்டும். சனியன், விட்ட கலமெல்லாம் செத்தது! ரப்பருக்குள் இறுகாமல் மிஞ்சிய எண்ணெய் கசிந்து கொன்றது. ஹேவாஹெட்டத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்த எங்கள் ஆய்வுகூட உதவியாளரும் நானும் அதைச் சூடேற்றினோம், ஸ்பிரிட்டில் ஊறவைத்தோம், தண்ணீரில் அவித்தோம், மறுபடி ஊறவைத்தோம். "பச்சப் புள்ள பால் போத்தலகூட இப்புடி அவிக்க மாட்டாங்க சார்" என்று சிரிப்பார்.

கலங்கள் வளர்க்கும் கூடம் கண்டி நகரின் அடுத்த பக்கத்தில் இருந்தது. அங்கே ஒரு துண்டை ஏற்கெனவே கொடுத்திருந்தோம். மிச்சத்தை, அதில் பொருத்தும் குழாய்களோடும் ஸ்பிரிட் போத்தலோடும் பெட்டியில் போட்டு உதவியாளர் என்னோடு தூக்கிவந்தார். அந்தக் கிழமைதான் பஸ் ஒன்றில் குண்டு வெடித்திருந்தது. சோதனைச் சாவடியில் மெல்லிய குழாய்களையும் ஸ்பிரிட் போத்தலையும் கண்டதும் இருவரையும் பொலிஸ் நிலையத்துக்கு இழுத்துப் போனார்கள்.

என் பல்கலைக்கழக அட்டையைப் பார்த்துவிட்டு எனக்கு உட்காரக் கதிரை தந்தார்கள். அவரை முழந்தாளில் இருத்தி வயர் கட்டால் முதுகில் அடித்தார்கள். பெட்டி அவர் கையில் இருந்ததாம், அதுதான் குற்றம். "அது குண்டில்லை, அதிலை நஞ்சுமில்லை, உயிர் வளர்க்கக் கழுவினது" என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் கெஞ்சினேன்.

"நஞ்சில்லையா? அப்போ தின்னு" என்று அதிகாரி ஒரு துண்டை அவரிடம் நீட்டினான்.

அவர் என்னைப் பார்த்தார். "பயப்படாதீங்க சார், நாமதானே கழுவுனோம்" என்று வாயில் போட்டு மென்றார். நடுங்காமல் மென்றதை அந்தப் படுபாவியால் பொறுக்க முடியவில்லை. சப்பாத்துக் கால் முகத்தில் இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. இரத்தமும் பல்லும் ரப்பரும் சீமெந்துத் தரையில் விழுந்தன. "அடேய் நாயே!" என்று பாய்ந்தேன், துவக்குப் பிடி என் வாயிலும் விழுந்தது. அந்த ஆத்திரம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

எங்கள் பேராசிரியர் வந்து கையெழுத்துப் போட்ட பிறகு எங்களை விட்டார்கள். இரண்டு நாள் கழித்து, கூடத்தில் முன்பே கொடுத்திருந்த முதல் துண்டில் கலங்கள் ஒட்டிப் பரவி உயிரோடு இருப்பதாகச் சேதி வந்தது. வீங்கிய வாயோடு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். தாடையைக் கம்பியால் கட்டிப் படுத்திருந்தார். நான் வாய் திறக்குமுன் அவருடைய மனைவி கட்டிலை மறைத்து நின்றார்.

"சார், இனிமே இவர கூப்பிடாதீங்க. நீங்க வளக்கிற உயிர நீங்களே சொமந்துக்கிட்டுப் போங்க."

கலங்கள் பிழைத்த சேதியைச் சொல்லாமலே திரும்பி வந்தேன்.