காற்றுக்கு எடை போட்டவர்

மயிலாப்பூர் கடைத்தெருவில் தனபாலன் உள்ளங்கையை விரித்து நீட்டினால், காய்காரி ஜைதூன் பீ அதில் எதையும் வைக்க மாட்டாள். அடுத்து பாடம் வரும் என்று அவளுக்குத் தெரியும்.

“இந்தக் கை மேல எவ்வளவு காத்து உட்கார்ந்திருக்கு தெரியுமா? நூறு கிலோ!”

“நூறு கிலோ தாங்குற கைக்கு ரெண்டு கிலோ பூசணிக்கா இன்னா நைனா? வூட்டுக்காரம்மா தலையில கட்டிக்கினு கீறியே!”

தனபாலன் சிரிக்க மாட்டார். பூசணிக்காயை மனைவி தங்கபுஷ்பம் சுமந்து நடப்பாள். இவர் வெறுங்கையோடு பின்னால் வந்து பூமியின் மொத்தக் காற்றையும் எடைபோடுவார்.

“ஒரு சதுர மீட்டர் மேல காத்து எவ்வளவு அழுத்துதோ, அதைப் பூமியோட மொத்தப் பரப்பால பெருக்கு. வர்றதைப் பூமி இழுக்குற இழுப்பால வகு. தீர்ந்தது!”

தீராத விஷயம் வேறு இருந்தது. தலை நரைத்தும் அவர் கிண்டிப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் வெறும் டெமான்ஸ்ட்ரேட்டர். பையன்கள் ஊசல் ஆட்டுவதை நின்று பார்க்கும் உத்தியோகம். லெக்சரர் நாற்காலி ஒன்று காலியாகியிருந்தது. பிரின்சிபால் ஜவஹர் மனசு வைக்க வேண்டும்.

எழுபத்தாறில் அமெரிக்காக்காரன் செவ்வாய்க் கிரகத்தில் கருவியை இறக்கினான். அங்கே காற்றழுத்தம் இவ்வளவு என்று பேப்பரில் வந்ததும் தனபாலனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. தி.நகரில் ஒரு மன்றத்தைப் பிடித்துக் கூட்டம் போட்டார். தலைமை, பிரின்சிபால்.

“இன்னைக்கு ஒரு நாள் உளறாம இருங்க. அந்த மனுஷன் கையிலதான் எல்லாம் இருக்கு” என்று காலரை இழுத்துவிட்டாள் தங்கபுஷ்பம்.

உளறவில்லை. செவ்வாயின் அழுத்தம், செவ்வாயின் பரப்பு, பெருக்கல். கடைசியில், கல்லூரியில் தினம் எழுதிப் பழகிய கை தானாக 9.8 என்று போட்டு வகுத்தது. ஒன்றுக்குப் பின்னால் பதினாறு சைபர், கிலோவில். கைதட்டல். பாதிப் பேர் சுண்டல் வருகிறது என்று தட்டினார்கள்.

பிரின்சிபால் எழுந்தார். “பிரமாதம்! ஒரே சந்தேகம், தனபாலன். எங்க வீட்டம்மாவைச் செவ்வாய்க்கு அனுப்பினா எடை குறையுமாமே?”

“ஆமா சார். அங்க இழுப்பு கம்மி. மூணுல ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேல...”

சொல்லிக்கொண்டே கரும்பலகையைத் திரும்பிப் பார்த்தார். இழுப்பு கம்மி என்றால் 9.8 எப்படி வந்தது? அது பூமியின் இழுப்பாயிற்றே! செவ்வாய்க் காற்றில் பாதிக்கு மேல் கரும்பலகையில் காணாமல் போயிருந்தது.

சபை இன்னும் பிரின்சிபால் வீட்டம்மாவை நினைத்துச் சிரித்துக்கொண்டிருந்தது. ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை.

“நம்ம அடுத்த லெக்சரர் இவர்தான்!” என்று பிரின்சிபால் மாலையோடு நெருங்கினார்.

தனபாலன் பின்னால் நகர்ந்து, கரும்பலகையில் அந்த 9.8 மேலேயே முதுகை ஒட்டிக்கொண்டு, எல்லோருக்கும் பெரிய கும்பிடாகப் போட்டார். கும்பிட்ட கை இறங்காமலே, அரிப்பெடுத்த எருமை மாதிரி முதுகை இடமும் வலமுமாகத் தேய்த்தார்.