குடிக்காத பரசுராமன்

கெங்கம்மாவின் புருஷன் பரசுராமன் செத்த மறுநாள் மாலைப் பத்திரிகையில் நான்கு வரி வந்தது. திருவொற்றியூரில் எண்ணெய்க் கிடங்கின் சுவரோரம் குடிபோதையில் விழுந்து தொழிலாளி பலி. அவ்வளவுதான். நான்கு வரியோடு யாரும் வாதாட முடியாது. பிடித்து இழுக்க அதில் எதுவும் இல்லை. பெரம்பூர் கல்யாண மண்டபத்தில் அவளோடு பாத்திரம் துலக்குகிறவர்கள்கூட இரக்கப்படலாமா வேண்டாமா என்று யோசித்துத்தான் பேசினார்கள்.

பிறகுதான் ஜெமிமா வந்தாள். ராயபுரத்தில் அப்பாவுக்கு மளிகை மொத்தக் கடை. இவள் ஒரு மாதப் பத்திரிகைக்கு நீளமான கட்டுரைகள் எழுதுகிறவள். வியாசர்பாடியில் கெங்கம்மாவின் வீட்டு வசதி வாரியக் குடியிருப்பு மாடிப்படியில் மாதக்கணக்காக ஏறி இறங்கினாள். வராதே என்ற அன்றும் வந்தாள். கேட்டதையே திரும்பக் கேட்டாள். அவளை நல்லவள் என்று கெங்கம்மா நினைத்ததில்லை. விடாப்பிடிக்காரி என்று மட்டும் நினைத்தாள்.

அந்த விடாப்பிடியில்தான் பாஸ் விஷயம் வெளியே வந்தது. அந்தக் கிடங்கில் கான்ட்ராக்ட் ஆள் ஒருநாள் வராவிட்டால் அவனுடைய கேட் பாஸ் வேறொருவனுக்குப் போய்விடும். அதனால் லீவு வேண்டியவன் தன் பாஸைச் சொந்தக்காரன் ஒருவன் கழுத்தில் மாட்டி அனுப்பிவிடுவான். படம் மங்கியிருக்கும், கேட்டில் யாரும் முகம் பார்ப்பதில்லை. அன்று கெங்கம்மாவின் தம்பி அன்பரசன் வீட்டில் காதுகுத்து. அவன் பாஸில் உள்ளே போன பரசுராமன், தொட்டி கழுவ இறங்கி மூச்சு முட்டிச் செத்தான். பதிவின்படி உள்ளே இருந்தவன் அன்பரசன். பரசுராமன் அங்கே வரவே இல்லை. வராதவனைச் சுவருக்கு வெளியே கிடத்துவது சுலபமாயிற்று.

இப்போது கட்டுரை தயார். அச்சுக்குப் போகுமுன் படித்துக்காட்ட ஜெமிமா வந்திருந்தாள். அன்பரசன் கதவோரம் நின்றான். அவன் தன் பெயரோடு பேசினால்தான் கட்டுரை நிற்கும். பேசினால் அவன் வேலை நிற்காது. மூவருக்கும் இது தெரியும்.

பாதியில் கெங்கம்மா கையைக் காட்டி நிறுத்தினாள்.

"இன்னாது? ஞாயித்துக்கெழம குடிப்பாரா? இத்த யாரு எழுதச் சொன்னா?"

"உண்மைதானே அக்கா?"

"குடிக்கவே மாட்டாருன்னு தான நான் சொன்னேன்?"

"நீங்க அப்படித்தான் சொன்னீங்க. டோல்கேட்ல அவர் தோஸ்துங்க வேற மாதிரி சொன்னாங்க."

"அவனுங்களே வாங்கிக் குடுத்தவனுங்க! அந்தக் கலீஜ் பேப்பர்காரன் நாலு வரில அசிங்கப்படுத்துனான். நீ பக்கம் பக்கமா படுத்தப் போறியா?"

ஜெமிமா தாளைக் கீழே வைக்கவில்லை. "இதை மறைச்சா கிடங்குக்காரங்க இதை மட்டும் தேடிப் பிடிப்பாங்க. பொண்டாட்டியே பொய் சொல்லுதுன்னு மீதி எல்லாத்தையும் தூக்கிப் போட்டுருவாங்க. ஞாயித்துக்கிழமை குடிச்சார். செத்தது புதன்கிழமை, அன்னைக்குக் குடிக்கலை. ரெண்டும் சேர்ந்தாத்தான்க்கா நம்புவாங்க."

பரசுராமனின் ஞாயிற்றுக்கிழமைகள் கெங்கம்மாவுக்குத் தெரியும். ஞாயிறு சாயங்காலம் வாசலில் நின்று, காலில் கிடக்கும் செருப்பையே தேடுவான். மறுநாள் வெட்கத்தில், யாரும் சொல்லாமலே தண்ணீர்க் குடங்களை மாடிக்குத் தூக்குவான். குடிக்காத பரசுராமனை உண்டாக்கியவள் அவள்தான். அப்படி ஒருவனை அவளுக்கே தெரியாது. தெரியாதவன் செத்ததற்கு யார் அழுவார்கள்?

"சரி, இருந்துட்டுப் போட்டும்" என்றாள். பிறகு தம்பி பக்கம் திரும்பினாள். "என் மானத்த நான் வுட்டுட்டேன். நீ இன்னாடா பண்ணப் போற?"

"யக்கா, ரெண்டு பொட்டப் புள்ளிங்க கீதுங்க. தொரத்திட்டான்னா சோத்துக்கு இன்னா பண்ணுவேன்?"

"சொல்லுன்னு சொல்லலடா. கேக்குறேன்."

"வேலை போகாதுன்னு என்னால சொல்ல முடியாதுண்ணே," என்றாள் ஜெமிமா. "எழுதினா நியாயம் கிடைக்கும்னும் சொல்ல முடியாது."

"இன்னாம்மா நீ, தெம்புக்கு ஒரு பொய்யாச்சும் சொல்லேன்." சிரிக்கப் பார்த்தான். வரவில்லை.

கதவைச் சாத்திவிட்டு வந்து தரையில் உட்கார்ந்தான். ஜெமிமா கைப்பேசியில் ஒலிப்பதிவைத் தொடங்கினாள்.

"என் பேரு அன்பரசன். அன்னிக்கி என் பாஸுல உள்ள போனது எங்க மாமா. போன் வந்து நான் ஓடறச்சொ அவர பின் கேட்டாண்ட தூக்கியாந்துகினு இருந்தானுங்க. மாமாவுக்கு..." நிறுத்தி அக்காவைப் பார்த்தான். "நீ கொஞ்சம் வெளிய போயேன் யக்கா."

கெங்கம்மா அசையவில்லை. அன்று நடந்ததை இதுவரை யாரும் அவளிடம் முழுதாகச் சொன்னதில்லை. அவளும் கேட்டதில்லை.

"சொல்லு" என்றாள்.