சிற்றம்பலம் கொடுக்காத தண்ணீர்

வட்டக்கச்சிக் குடியேற்றத்தில் கடைசி வாய்க்காலின் கடைசி வயல் சிற்றம்பலத்துடையது. அரசாங்கம் கொடுத்த மூன்று ஏக்கரை நம்பிச் சாவகச்சேரியிலிருந்து வந்தவர். மேலே உள்ளவர்கள் எல்லாரும் பாய்ச்சி, மிஞ்சியதை நண்டும் குடித்த பிறகுதான் அவர் பக்கம் தண்ணீர் வரும். அதற்காக அவர் யாரையும் திட்டியதில்லை. அந்த வேலையை மனைவி பத்மாசனி பார்த்துக்கொண்டார்.

அறுபத்திரண்டாம் ஆண்டு, கோடை நெல் விளையும் சிறுபோகத்தில், விவசாயிகள் நிகழ்ச்சிக்கு ஒலிப்பதிவு செய்ய வானொலிக்காரர்கள் ஜீப்பில் வந்தார்கள். யோகநாதன் என்பவர் ஒலிவாங்கியை நீட்டினார். சிற்றம்பலம் அதற்கு முன்பே கதிரை போட்டு மோரும் கொடுத்திருந்தார்.

"உங்கட பக்கம் என்ன குறை, ஐயா?"

"ஒரு குறையும் இல்லைத் தம்பி. நீங்கள் வந்ததே பெரிய காரியம்."

அந்த வாய்க்காலில் பதினெட்டுக் குடும்பங்களின் வயல் அப்போது காய்ந்துகொண்டிருந்தது. ஆனால் வீடு தேடி வந்து மோர் குடித்த மனிதரிடம் குறை சொல்ல எங்கள் ஆட்களுக்கு வாய் வராது. இந்தக் கெட்ட பழக்கத்துக்கு மருந்தும் இல்லை.

கூட்டுறவுச் சங்கக் கடை ரேடியோவில், வாய்க்கால்களுக்குத் தண்ணீர் திறந்துவிடும் ஓவசியரும் அதைக் கேட்டார். தண்ணீர் கேட்டு மனுவோடு போனவர்களிடம், "குறையில்லை எண்டு சிற்றம்பலத்தார் நாட்டுக்கே சொல்லிப்போட்டாரே," என்றார். அந்தப் போகம் விதைநெல்கூடத் தேறவில்லை. சிற்றம்பலத்தை யாரும் ஏசவில்லை. அவர் சங்கக் கடைக்கு வந்தால் கதையை நிறுத்தினார்கள். ஏசியிருந்தால் அவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

அடுத்த சிறுபோகம், கதிர் வரும் நேரத்தில் வயல் வெடித்துக் கிடந்தது. அதே யோகநாதன் வந்திறங்கினார். வாய்க்கால்காரர் எல்லாரும் வேலியோரம் கூடிவிட்டார்கள். சிற்றம்பலம் கதிரை போட்டார். மோர் வரவில்லை.

ஒலிப்பதிவு இயந்திரம் சுற்றத் தொடங்கியது. யோகநாதனுக்கு வெயிலில் தொண்டை வறண்டுவிட்டது.

"முதலில குடிக்கக் கொஞ்சம் தண்ணி தாங்கோ, ஐயா."

பத்மாசனி செம்போடு குசினி வாசலுக்கு வந்துவிட்டார். சிற்றம்பலம் கையைக் காட்டி நிறுத்தினார்.

"தண்ணி இல்லைத் தம்பி. வாய்க்காலில ஒரு மாதமாத் தண்ணி வரேல்லை. பதினெட்டுக் குடும்பத்தின்ர நெல்லும் கருகுது. வந்த ஆளுக்குக் குடுக்கவும் இல்லை. போன முறை நான் சொன்னது பொய்."

இயந்திரம் நின்றதும் சிற்றம்பலம் செம்பைப் பறித்துக்கொண்டு ஓடி வந்தார். வந்த வேகத்தில் பாதி சிந்திவிட்டது.

"இல்லை எண்டு சொன்னீங்கள்?"

"அது ரேடியோவுக்கு. இது உங்களுக்கு. குடியுங்கோ தம்பி, மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

நிகழ்ச்சி ஒலிபரப்பான ஏழாம் நாள் தண்ணீர் வந்தது. ஓவசியர் தானே நின்று வாய்க்கால் கதவைத் திறந்தார். பதினெட்டு வயலும் பிழைத்தன. சங்கக் கடையில் சிற்றம்பலத்தைப் பிடித்து வைத்துக் கதைத்தார்கள்.

அதே கிழமை சாவகச்சேரியிலிருந்து அக்கா இராசேஸ்வரியின் கடிதம் வந்தது. அவரும் ரேடியோ கேட்பவர்தான்.

"வீட்டுக்கு வந்தவருக்கு ஒரு வாய் தண்ணீர் இல்லையென்று ஊருலகம் கேட்கச் சொன்னாயே. எங்கள் அம்மா பெற்ற பிள்ளையா நீ? இனி எங்கள் வீட்டுப் படலையைத் திறக்காதே."

சிற்றம்பலம் கணுக்கால் தண்ணீரில் நின்றபடி அதை இரண்டு தரம் வாசித்தார். அழுதார். செம்பில் தண்ணீர் கொடுத்ததை அக்காவுக்கு எழுதியிருக்கலாம். ஆனால் அக்காவுக்குத் தெரிந்தால் சாவகச்சேரி முழுக்கத் தெரியும். ஓவசியரும் சாவகச்சேரிக்காரர்; ரேடியோவில் சொன்னது பொய் என்று வாய்க்கால் கதவை மூடிவிடுவார். கதிர் முற்ற இன்னும் ஒரு மாதம் தண்ணீர் வேண்டும்.

அன்று பின்னேரம் ஒரு தபாலட்டை வாங்கி எழுதினார்.

"அன்புள்ள அக்கா, இங்கு ஒரு குறையும் இல்லை."