முப்பது பாகைத் தகரம்

மலாயாவில் எங்கள் ரப்பர் தோட்டத்து வேலையை மேற்பார்க்கும் மண்டோர் நெட்டையான மனிதர். முப்பது பாகைக் கோணத்தில் நறுக்கிய தகரம் ஒன்றை எப்போதும் கையில் வைத்திருப்பார். பால் வடிக்க மரத்தில் நாங்கள் போடும் வெட்டு அந்தச் சரிவில் இருக்கிறதா என்று வைத்துப் பார்ப்பார்.

அவசரகாலத்தில் ஒருநாள், வெள்ளைக்காரனை எதிர்த்துக் காட்டில் பதுங்கியிருந்த கம்யூனிஸ்ட் காட்டுக்காரர்கள் துப்பாக்கியை நீட்டி, மரப்பட்டைகளை வெட்டிச் சிதைக்கச் சொன்னார்கள். சிதைத்தேன்.

மறுநாள் வெட்டியவனைப் பிடிக்கப் பட்டாளம் வந்தது. மண்டோர் ஒரு காயத்தில் தகரத்தை வைத்தார். அச்சாகப் பொருந்தியது. அடுத்த மரத்திலும் அப்படியே. பழகிய கை, பாழாய்ப்போன கை.

"என்னா மண்டோர், நம்ம ஆளு வெட்டா?" என்று தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி கேட்டார்.

"இல்லீங்கய்யா. சரிவே சரியில்ல. வெளியாளு."

என் பக்கம் அவர் திரும்பவேயில்லை. அதன்பிறகும் எல்லார் வெட்டையும் அளந்தார். என் மரங்களுக்கு மட்டும் தகரத்தைக் கொண்டுவரவேயில்லை.