உமிச்சாம்பலில் இறங்கிய கால்

அந்த ஆடு கத்தவில்லை. இத்தனை வருஷம் கழித்தும் முதலில் நினைவுக்கு வருவது அதுதான். ஆலை மதில் இடிந்திருந்த பக்கமாக உள்ளே வந்து சாம்பல்மேட்டில் ஏறியது. சில அடி நடந்தது. சட்டென்று மேடு உள்வாங்கியது. புகை இல்லை, சத்தம் இல்லை. நல்ல பகல் வெளிச்சத்தில், நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஓர் உயிர் காணாமல் போனது.

அப்போதும் சரி, இப்போதும் சரி, நான் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஓர் ஆலையில் பாய்லர் ஆபரேட்டர். எங்கள் பாய்லருக்கு நிலக்கரி கிடையாது. திருவாலங்காட்டுப் பக்கத்து அரிசி ஆலைகளிலிருந்து லாரி லாரியாக உமி வரும். அதை எரித்து நீராவி எடுப்போம். மிஞ்சும் சாம்பல் செங்கல் சூளைகளுக்குப் போகும். "மில்லுக்குக் குப்பை, நமக்கு விறகு. நமக்குக் குப்பை, சூளைக்காரனுக்குச் சரக்கு. எதுவுமே வீணில்ல" என்பார் மேனேஜர். பொய்யில்லை. எனக்கும் அதில் பெருமை இருந்தது. அந்தச் சாம்பலை லாரியில் ஏற்றும் பெண்களுக்கு மேஸ்திரி, நாங்கள் எல்லோரும் அக்கா என்று கூப்பிட்டவர். ஆரம்பாக்கத்தில் கூலிக்கு நாற்று நட்டவர். வயல் வேலை குறைந்ததும் ரயிலேறி ஆலைக்கு வந்தார். "அப்போ நெல்லோட கெடந்தேன், இப்போ அதோட தோலோட கெடக்கறேன்" என்று சிரிப்பார்.

ஆடு ஏறியதைப் பார்த்து அதை விரட்டத்தான் அக்கா ஓடினார். மேலே தண்ணீர் அடித்திருந்ததால் சாம்பல் கறுத்து, குளிர்ந்துபோனதாகவே தெரிந்தது. முந்தின நாள் அதன் ஓரத்தில் நானே நடந்திருக்கிறேன். ஆடு மறைந்த அதே நொடியில் அக்காவின் வலது கால் முழங்கால்வரை இறங்கியது. நாங்கள் பாய்ந்தோம்.

"கிட்ட வராதீங்கோ! உள்ள நெருப்பு கீது! யாரும் வராதீங்கோ!"

எரிந்துகொண்டிருந்தவர் எங்களைத் தடுத்தார். சாம்பல் அள்ளும் வண்டியின் டிரைவர்தான் அதன் முன்பக்க இரும்பு வாளியை அவர் பக்கத்தில் நீட்டினார். அக்கா அதன் விளிம்பைக் கட்டிப்பிடித்துக்கொள்ள, அப்படியே தூக்கினார். செருப்பு உள்ளேயே போய்விட்டது. காலைப் பார்த்த நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியில் அக்கா கேட்ட முதல் கேள்வி, "ஆடு இன்னாச்சு தம்பி?" நான் தண்ணீர் டம்ளரை நீட்டினேன். "அது கத்தக்கூட இல்லியே" என்றார். மேற்கூரையைப் பார்த்தபடி அதையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

கால் பிழைத்தது, விரல்கள் இரண்டு போயின. ஆலையில் மதில் கட்டினார்கள். சாம்பலைத் தண்ணீர்த் தொட்டியில் நனைத்து, இரும்புக் கம்பி செருகிச் சூடு பார்த்த பிறகுதான் வெளியே கொட்டுகிறார்கள். பக்கத்தில் வரப்பு மாதிரி சிமென்ட் பாதை. அக்கா திரும்பி வந்து, எரிப்பதற்காக உமியை அழுத்திச் செய்த கட்டிகளை அடுக்கும் பக்கத்தில் வேலை பார்க்கிறார்.

போன மாதம் புதிதாக வந்த லாரி டிரைவர் ஒருவர் போன் பேசிக்கொண்டே பாதையை விட்டு இறங்கி, ஆறிய சாம்பல்மேல் நடந்தார். அக்காவுக்குக் குரல் வரவில்லை. என் கையைப் பிடித்தார். நகம் பதிந்து ரத்தம் கசிந்தது. டிரைவர் பேன்ட்டைத் தட்டிக்கொண்டு பாதைக்கு ஏறினார். அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"காலையிலேயே சூடு பாத்தாச்சுக்கா, ஆறிப்போச்சு" என்றேன்.

"தெரியும் தம்பி. எனுக்குத் தெரியும்" என்றார், வலது காலைப் பிடித்துக்கொண்டு. "இதுக்குத்தான் தெரியல."