மின்னிய தலையணை

லோகநாயகி கெட்டிக்காரிதான். ஆனால், அம்பத்தூர் எஸ்டேட்டில் காலமெல்லாம் பஞ்சோடு புழங்கியவள் ஒரு தலையணையில் கோட்டைவிட்டாள் என்றால் யார் நம்புவார்கள்?

அவள் கம்பெனியில் நூலும் கிடையாது, தறியும் கிடையாது. பாலியஸ்டர் பஞ்சைச் சிக்கெடுத்துப் பரப்பி, ஊசிகளால் குத்திக் குத்தியே துணியாக்கிவிடுவார்கள். அந்தப் பஞ்சிலும் ரகம் உண்டு. ஓர் இழையைக் குறுக்கே வெட்டி லென்ஸில் பார்த்தால் மூன்று இதழாகத் தெரியும். பட்டு மாதிரி மின்னும்; இதழ்களின் இடுக்கில் தூசியைப் பிடித்துக்கொள்ளும். அது ஃபில்டருக்கு. இன்னொன்றில் இழைக்குள்ளே ஓட்டை. சுருள் சுருளாகக் கிடக்கும், அமுக்கினால் மறுபடி எழும்பும். மெத்தைக்கு அதுதான்.

ஆயுத பூஜையன்று மிச்சப் பஞ்சில் ஆளுக்கொரு மூட்டை எடுத்துப் போகலாம் என்பது அங்கே வழக்கம். லோகநாயகி அந்த நாளுக்காகவே காத்திருந்தாள். பஸ் டெப்போவில் மெக்கானிக்காக இருந்த அவள் கணவர் எத்திராஜுக்கு இப்போது மூச்சிரைப்பு. தலையை உயர்த்திப் படுக்கச் சொன்னார் டாக்டர். வீட்டுத் தலையணைகளோ கொஞ்ச நேரத்தில் அமுங்கிவிடும். மனிதர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தே தூங்கினார். பக்கத்தில் பாய் காலியாகக் கிடப்பது அவளுக்குத் தாங்கவில்லை.

மூட்டை எடுக்கும்போது புத்தி எங்கே போயிற்றோ! மின்னியதை எடுத்துவிட்டாள். அவருக்கு உசத்தியாகத் தர வேண்டும் என்ற ஆசை கண்ணை மறைத்தது. உயரமாகத் தைத்த தலையணை ஒரே வாரத்தில் தோசையாகிவிட்டது. எத்திராஜ் நாற்காலிக்குத் திரும்பினார். திட்டியிருந்தாலாவது தேவலை.

அடுத்த பூஜைக்கு இன்னும் ஒரு வருஷம். வெட்கத்தை விட்டுக் கம்பெனியில் சாப்பாட்டு நேரத்தில் சொன்னாள். சிரிப்பு அடங்க நேரமாயிற்று.

"இன்னாக்கா, மாமா தலைக்கு ஃபில்டரா மாட்டிவுட்டே?" என்றாள் பக்கத்து மிஷின் நாகம்மாள். வாய் கொஞ்சம் நீளம். பிறகு அவளே, "எம் மூட்டை இன்னும் பிரிக்காம கீது. மெத்தைப் பஞ்சுதான். உன்னுத எனக்குக் குடு. எங்க ஊடு ரோட்டு மேல கீது, ஒரே தூசு. ஜன்னலுக்குக் கட்டிக்கிறேன்" என்றாள்.

ஞாயிறு மதியம் மீன்குழம்புச் சாப்பாடு முடிந்து, எத்திராஜ் சந்தேகத்தோடு புதுத் தலையணையை அமுக்கிப் பார்த்தார். எழும்பியது. மெல்லச் சாய்ந்தார். கொஞ்ச நேரத்தில் குறட்டை கேட்டது.

லோகநாயகி நாற்காலியைத் தூக்கி வாசலில் போட்டுவிட்டு வந்து பக்கத்தில் படுத்தாள். அந்தக் குறட்டைக்குப் பக்கத்தில் யாரால் தூங்க முடியும்? அவளும் தூங்கவில்லை. கேட்டுக்கொண்டே கிடந்தாள்.